முற்றுப்பெறாத கோடு: பரோக் கால உருவரைவும் இயக்கமும்

கோடு அசைவதில்லை. தாளின்மேல் ஒருமுறை விழுந்துவிட்ட கோடு, விழுந்த இடத்திலேயே கிடக்கும். ஆயினும் சில வரைவுகளைப் பார்க்கும்போது, அவற்றிலுள்ள மனிதர் ஓடுகின்றனர், பளு தூக்குகின்றனர், சுழன்று ஆடுகின்றனர் என்று நம் கண் உறுதியாகச் சொல்கின்றது. அசையாத ஒன்று அசைவை எங்ஙனம் காட்டுகின்றது? இவ்வினாவை ஐரோப்பிய ஓவியர்கள் 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஏறத்தாழ நூறாண்டுக் காலம் தம் பட்டறைகளில் ஓயாது எழுப்பி வந்தனர். அக்காலத்தையே நாம் இன்று பரோக் காலம் என்கிறோம். அவர்கள் கண்ட விடையையும், அவ்விடையை அடைந்த வழியையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பரோக் என்னும் சொல்லைப் பற்றி முதலில் ஒரு குறிப்பு. ஒழுங்கான உருண்டை வடிவம் பெறாத முத்தைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து இது வந்தது என்பது பலரும் ஏற்கும் கருத்தாகும். பிற்காலத்தார் இச்சொல்லை இகழ்ச்சியாகவே வழங்கத் தொடங்கினர். அளவு மீறியது, கோணலானது என்பன அவர்கள் கருதிய பொருள்கள். அக்காலத்து ஓவியரும் சிற்பியரும் தம்மை அப்பெயரால் அழைத்துக்கொள்ளவில்லை. எனினும் அந்தக் கோணல் முத்து நமக்கு ஒருவகையில் உதவுகின்றது. முழு உருண்டையான முத்தில் கண் எங்கும் தங்கி ஓய்வு கொள்ளலாம். கோணல் முத்திலோ கண் ஓரிடத்தில் நில்லாது சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

மருத்துவர் ஒருவரின் ஐயம்

சியன்னாவில் பிறந்து உரோம் நகரில் மருத்துவம் செய்துவந்த ஜூலியோ மன்சினி, ஓவியக் கலையிலும் ஆழ்ந்த ஈடுபாடு உடையவர். 1620ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் அவர் ஓவியத்தைப் பற்றி எழுதிய குறிப்புகளில், கராவாஜியோவைப் பின்பற்றிய ஓவியர்களின் முறையை ஆராய்கின்றார். அவர்கள் மாதிரியாளை முன்னே நிறுத்தி, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம் விழச் செய்து, கண்டதை அப்படியே தீட்டுவதில் வல்லவர்கள். ஆனால் ஒரு கதையைச் சித்திரிக்க வேண்டுமெனில் என்ன செய்வது? பலரை ஓர் அறையில் கூட்டி, அழுவதுபோலவும் நடப்பதுபோலவும் பாவனை செய்யச் சொல்லி, அதே வேளையில் ஓவியர் தீட்டி முடிக்கும்வரை அசையாமலும் இருக்கச் சொல்வது எப்படி இயலும்? ஆகையால் இவர்களுடைய உருவங்கள் வலிமை மிக்கனவாயினும் இயக்கம் குன்றியவை என்பது மன்சினியின் முடிவு.

இந்த முடிவு கராவாஜியோவுக்கு முழுநீதி செய்வதாகாது. உரோமிலுள்ள புனித லூயி தேவாலயத்தின் சிற்றாலயம் ஒன்றில் அவர் 1599, 1600ஆம் ஆண்டுகளில் தீட்டிய புனித மத்தேயுவின் காட்சிகளைக் கண்டவர்கள், அங்கே இயக்கமே இல்லை என்று சொல்லார். நீட்டிய கையொன்று அறை முழுவதையும் திருப்பிவிடுகின்றது. ஆயினும் அது மின்னல் வெட்டியபோது கண்ட காட்சியைப் போன்றது, உறைந்த கணம். கராவாஜியோ வரைந்தவை என்று ஐயமின்றிச் சொல்லத்தக்க கோட்டோவியம் ஒன்றுகூட நமக்குக் கிட்டவில்லை என்பதும் இங்கு எண்ணத்தக்கது.

மன்சினி தொட்ட சிக்கல் உண்மையானது. இயங்கும் உடல் ஓவியருக்காகக் காத்திருப்பதில்லை. காத்திருக்கும் உடலோ இயங்குவதில்லை. கல் எறிபவன்போல் நின்று காட்டும் ஒருவன் கையை உயர்த்திப் பிடித்திருக்கிறானே ஒழிய, கல் எறியவில்லை. அவன் தசைகள் எறிவதற்காக இறுகவில்லை; அசையாதிருப்பதற்காக இறுகியிருக்கின்றன. அவனைக் கண்டவாறே வரைந்தால், நாம் வரைவது எறிதலை அன்று, நிற்றலையே.

எடை தவறும் இடம்

இச்சிக்கலுக்கு வழி காட்டிய முன்னோர் இருந்தனர். அவருள் முதல்வர் லியொனார்டோ டா வின்சி. சிறு குறிப்பேடு ஒன்றை எப்போதும் உடன் வைத்திருந்து, தெருவில் பேசுவோரையும் சண்டையிடுவோரையும் சில கோடுகளில் உடனுக்குடன் குறித்துக்கொள்ளுமாறு அவர் இளம் ஓவியர்களுக்கு அறிவுறுத்தினார். இயக்கத்தின் காரணத்தையும் ஆராய்ந்தார். ஒரு காலில் எடையை ஊன்றி நிற்பவனின் கழுத்துக்குழி, அந்தக் காலுக்கு நேர் மேலே அமையும். எடை இருபுறமும் சமமாகும்வரை உடல் நிற்கும். அச்சமநிலை குலையும்போதே நடை பிறக்கின்றது. நடப்பவன் ஒவ்வோர் அடியிலும் விழத் தொடங்கி, அடுத்த காலால் தன்னைத் தாங்கிக்கொள்கிறான்.

இக்குறிப்புகள் நெடுங்காலம் கைப்படிகளாகவே உலவின. 1651ஆம் ஆண்டில்தான் ஓவியம் பற்றிய அவருடைய நூல் பாரிசில் முதன்முறையாக அச்சேறியது. அதிலுள்ள மனித உருவப் படங்கள் நிக்கொலா பூஸ்ஸன் என்னும் பிரெஞ்சு ஓவியரின் வரைவுகளைத் தழுவியவை. சுமப்பவன், எறிபவன், நடப்பவன் என எடை இடம் மாறுவதைக் காட்டும் உருவங்கள் அவற்றில் உள்ளன. லியொனார்டோ மறைந்து நூற்றுமுப்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் ஓவியர்களுக்கு அவர் தேவைப்பட்டார்.

மற்றொரு மரபு மைக்கேலாஞ்சலோவிடமிருந்து வந்தது. உருவம் பாம்பைப்போலவும் எரியும் சுடரைப்போலவும் வளைந்தெழ வேண்டும் என்பது அவர் கூற்றாக, லொமாஸ்ஸோ 1584இல் வெளியிட்ட நூலில் காணப்படுகின்றது. இந்த முறுக்கத்தை அடுத்த தலைமுறையினர் பெரிதும் விரும்பினர். ஆனால் அவர்களுள் பலருடைய உருவங்கள் காரணமின்றி முறுகின. தோள் ஒருபுறமும் இடுப்பு மறுபுறமும் திரும்பியிருக்கும். ஏன் திரும்பின என்று கேட்டால் அழகுக்காக என்பதைத் தவிர வேறு விடை இராது. பரோக் ஓவியர்கள் அம்முறுக்கத்தைக் கைவிடவில்லை. அதற்கு ஒரு காரணத்தைத் தந்தனர். உடல் திரும்புவது ஒன்றைத் தூக்குவதற்கு, ஒன்றிலிருந்து தப்புவதற்கு, ஒருவரைப் பற்றி இழுப்பதற்கு என்றாயிற்று. வளைவுக்குப் பின்னே ஒரு வினை வந்து நின்றது.

வழியில் இறங்கியோர்

இம்மாற்றம் வலுப்பெற்ற இடம் வட இத்தாலியிலுள்ள பொலோஞா நகரம். அங்கே லுதொவிக்கோ கராச்சியும், அவருடைய உறவினர்களான அகொஸ்தினோ, அன்னிபலே என்னும் உடன்பிறப்பாளர் இருவரும் 1582ஆம் ஆண்டளவில் ஒரு பயிற்சிக் கழகத்தைத் தொடங்கினர். அதற்கு வழங்கிய பெயர்களுள் நிலைத்தது இன்கமினாத்தி என்பது. வழியில் இறங்கியோர், நடக்கத் தொடங்கியோர் என்பது அதன் பொருள். கலையைக் கற்றுமுடித்தவர்கள் என்று அவர்கள் தம்மைச் சொல்லிக்கொள்ளாதது நம் சிந்தனைக்குரியது.

அங்கே மாதிரியாளைப் பார்த்து வரைவது நாள்தோறும் நிகழ்ந்தது. ஆனால் வரைதல் பயிற்சி அறையோடு முடியவில்லை. உண்ணும்போதும் ஒரு கையில் உணவும் மறு கையில் கரித்துண்டுமாக இருந்தனர் என்று அவர்களுடைய வரலாற்றை 1678இல் வெளியிட்ட மால்வாசியா எழுதுகிறார். அன்னிபலே பொலோஞாவின் தெருத் தொழிலாளர்களையும் வரைந்தார். சுமை தூக்குவோர், கூவி விற்போர், கூடை முடைவோர் எனப் பலரும் அவ்வரைவுகளில் உள்ளனர். அவற்றைத் தழுவிச் செப்புத் தகடுகளில் செதுக்கப்பட்ட 80 படங்கள் 1646இல் உரோமில் நூலாக வெளிவந்தன. அரசரும் புனிதரும் வீரரும் மட்டுமே உருவரைவுக்கு உரியவர் என்றிருந்த காலத்தில், சுமைக்குக் கீழே சாய்ந்த ஒரு தொழிலாளியின் முதுகு ஆராயத்தக்க பொருளாயிற்று. சுமையின் எடையை மறைக்கத் தெரியாத உடலிடமிருந்தே எடையைக் கற்க முடியும் என்பதை அன்னிபலே உணர்ந்திருந்தார்.

அவருடைய நினைவாற்றலைப் பற்றி இரண்டு கதைகளை பெல்லோரி தம் 1672ஆம் ஆண்டு நூலில் சொல்லுகின்றார். முதலாவது அவருடைய இளமைக் காலத்தது. அவருடைய தந்தை பயணத்தின்போது வழிப்பறிக்காரர்களிடம் பணத்தைப் பறிகொடுத்தார். முறையிடச் சென்றபோது சிறுவன் அன்னிபலே, தான் கண்ட கள்வர்களின் முகங்களைத் தாளில் வரைந்து காட்ட, அவர்கள் அடையாளம் காணப்பட்டனர். இரண்டாவது கதை உரோமில் நிகழ்ந்தது. 1506இல் மண்ணிலிருந்து தோண்டியெடுக்கப்பட்ட லாவொக்கோன் சிலை, பாம்புகளின் பிடியில் தந்தையும் இரு மைந்தரும் திமிறுவதைக் காட்டும் பழம்பெரும் படைப்பு. அதன் சிறப்பை அகொஸ்தினோ ஒரு கூட்டத்தில் நெடுநேரம் விரித்துரைத்தார். அன்னிபலே வாய் திறக்கவில்லை. கவனிக்கவில்லை போலும் என்று தமையன் குறைகூறவே, அவர் கரித்துண்டை எடுத்துச் சுவரின் பக்கம் திரும்பி, சிலை கண்முன் நிற்பதைப்போல அதனை வரைந்துவிட்டார்.

இக்கதைகளில் ஓரளவு புனைவு கலந்திருக்கலாம். ஆனால் ஒரு காலம் தன் ஓவியரைப் புகழ எத்தகைய கதையைத் தேர்ந்தெடுக்கிறது என்பதே வரலாற்றுச் சான்றுதான். இரு கதைகளும் கையின் திறமையைக் காட்டிலும் கண் கண்டதை மனம் காத்துவைத்த திறமையைப் போற்றுகின்றன.

முதலில் இயக்கம், பின்னர் மாதிரி

1597ஆம் ஆண்டு முதல் அன்னிபலே உரோமில் ஃபர்னேசே அரண்மனையின் கூடத்து விதானத்தைத் தீட்டினார். ஊர்வலம் செல்லும் பாக்கஸ், கடலிலும் வானிலும் தூக்கிச் செல்லப்படும் மாந்தர், விளிம்புகளில் அமர்ந்து திரும்பிப் பார்க்கும் இளைஞர் என விதானம் முழுவதும் உருவங்களே. அதற்காக அவர் செய்த முன்வரைவுகள் இன்று பல அரும்பொருளகங்களில் உள்ளன. அப்பணியில் உதவிய அகொஸ்தினோ வரைந்த முழு அளவு வரைவுகள் இரண்டை இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் காணலாம்.

அம்முன்வரைவுகளை வரிசைப்படுத்திப் பார்க்கும்போது மன்சினியின் வினாவுக்கு விடை கிடைக்கின்றது. முதற்படி இறகுப் பேனாவும் மையும் கொண்டு விரைந்து கிறுக்கியது. முகம் இல்லை, விரல் இல்லை. உடல் எப்பக்கம் சாய்கிறது, எடை எங்கே விழுகிறது, எவர் எவரை நோக்கி நகர்கிறார் என்பவை மட்டுமே உண்டு. இரண்டாம் படியில்தான் மாதிரியாள் அழைக்கப்படுகிறான். முன்பே மனத்தில் தோன்றிவிட்ட அசைவை அவன் தன் உடலில் ஏற்றுக் காட்ட, ஓவியர் நீலச் சாயத் தாளில் மென்மையான கருநிறக் கல்லின் துண்டால் தசைகளை ஆராய்கிறார். ஒளி படும் இடங்களில் வெண்ணிறம் ஏற்றுகிறார். மூன்றாம் படி, இரண்டையும் இணைத்துச் சுவரின் அளவுக்கே வரையும் பெரிய வரைவு.

இவ்வரிசையே இங்கு முதன்மையானது. மாதிரியாளிடமிருந்து இயக்கத்தைப் பெற முடியாது. அது முன்னரே ஓவியரிடம் இருந்தாக வேண்டும். மாதிரியாள் ஒரு சாட்சி. முழங்கால் இப்படி மடியுமா, தோள் எலும்பு எங்கே எழும் என்று கேட்டால் அவன் உண்மையைச் சொல்வான். ஆனால் கதையைச் சொல்ல வேண்டியவன் அவனல்லன். இத்தாலிய மொழியில் வரைதலைக் குறிக்கும் திசேஞோ என்னும் சொல், திட்டம், கருத்து என்னும் பொருள்களையும் தருவது தற்செயலன்று. மனத்தில் வரைவதும் தாளில் வரைவதும் அவர்களுக்கு ஒரே செயலின் இரு பகுதிகளாக இருந்தன.

கோட்டின் இலக்கணம்

விரைவரைவில் கோடு செய்யும் வேலையை இவ்விடத்தில் சற்று நின்று நோக்குவோம். நான்கு வழிகளை நாம் பிரித்துக் காணலாம்.

முதலாவது, சாய்வு. நேர்க்கோட்டில் நிற்கும் உடல் நிலைத்திருக்கும். தாங்கும் பாதத்தைக் கடந்து தலையும் மார்பும் சாய்ந்துவிட்டால், அவ்வுருவம் அடுத்த கணத்தில் விழ வேண்டும் அல்லது அடி எடுத்துவைக்க வேண்டும். அந்த அடுத்த கணத்தை ஓவியர் வரைவதில்லை. நாமே மனத்தில் வரைந்துகொள்கிறோம்.

இரண்டாவது, முறுக்கம். மார்பு ஒரு திசையையும் இடுப்பு வேறு திசையையும் நோக்கும்போது, முறுக்கிய கயிறு மீளத் துடிப்பதைப்போல உடல் ஒரு விசையைச் சேர்த்து வைத்திருக்கின்றது.

மூன்றாவது, திரும்பத் திரும்ப வரைந்த கோடு. கையின் வெளிவிளிம்புக்கு ஓவியர் இரண்டு மூன்று கோடுகள் இடுவார். பிழையென்று எதனையும் அழிக்கமாட்டார். இவை திருத்தங்களே ஆயினும், பார்ப்பவர் கண்ணுக்கு அக்கை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு நகர்ந்ததாகத் தோன்றும்.

நான்காவது, முடிக்காமல் விட்ட கோடு. எடையைத் தாங்கும் காலில் கோடு அழுத்தமாகவும் கருமையாகவும் விழும். வீசும் கையின் நுனியை நெருங்கும்போது மெலிந்து, விரல்களை எட்டுவதற்கு முன்பே மறைந்துவிடும். விரைந்து நகரும் கையின் விரல்களை நம் கண்ணும் தெளிவாகக் காண்பதில்லை அன்றோ?

தமிழ் இலக்கணம் கற்றவர்க்கு இது புதிதாகத் தோன்றாது. வந்தான் என்பது வினைமுற்று. வாக்கியம் அங்கே அமைதி கொள்கின்றது. வந்து என்பது எச்சம். அடுத்து வரும் வினையை அது வேண்டி நிற்கின்றது. உருவத்தைச் சுற்றி வளைத்து மூடிய புறக்கோடு வினைமுற்றைப் போன்றது. பரோக் ஓவியரின் திறந்த கோடோ வினையெச்சம். அதனை முடித்துவைக்கும் பொறுப்பு பார்ப்பவரிடம் விடப்படுகின்றது. பார்ப்பவர் முடிக்கும்போது உருவம் அசைகின்றது.

கல்லின் வாடை

ஃபிளாண்டர்ஸ் நாட்டுப் பீட்டர் பால் ரூபன்ஸ் 1600ஆம் ஆண்டில் இத்தாலிக்குச் சென்று 1608 வரை அங்குத் தங்கினார். கண்டவற்றையெல்லாம் வரைந்தார். லாவொக்கோன் சிலையைப் பல பக்கங்களிலிருந்தும் வரைந்தார். ஃபுளோரன்ஸ் நகர மன்றத்தில் லியொனார்டோ 1505இல் தொடங்கிக் கைவிட்ட ஆங்கியாரிப் போர் ஓவியத்தை அவர் கண்டிருக்க வழியில்லை. அது முன்னரே மறைந்துவிட்டது. வேறொருவர் செய்த படியை எடுத்து, அதன்மேல் தாமே மையும் வண்ணமும் சேர்த்துப் புதுப்பித்தார். கொடியொன்றுக்காகக் குதிரைகளும் வீரர்களும் ஒரே முடிச்சாகப் பின்னிப் போரிடும் அவ்வரைவு இன்று லூவர் அரும்பொருளகத்தில் உள்ளது. இழந்துபோன ஓவியத்தின் வேகத்தை நமக்குக் காட்டுவது அதுவே.

பழஞ்சிலைகளைப் பின்பற்றுவது பற்றி ரூபன்ஸ் இலத்தீனில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். அவர் மறைந்தபின் 1708இல்தான் அது அச்சேறியது. சிலைகளை நன்கு கற்க வேண்டும், ஆனால் ஓவியத்தில் கல்லின் வாடை வீசலாகாது என்பது அதன் சாரம். சிலையில் விழும் நிழல் வன்மையானது. உயிருள்ள தோலிலோ ஒளி ஊடுருவும், மடிப்புகள் இடையறாது மாறும். இவ்வேற்றுமையை அறியாமல் சிலையை வரைந்து பழகியவன், மனிதனை வரையும்போதும் சிலையையே வரைவான் என்பது அவருடைய அச்சம்.

இக்கருத்தின் செயல்வடிவத்தை, ஆண்ட்வெர்ப் பேராலயத்தில் உள்ள சிலுவையை உயர்த்துதல் என்னும் ஓவியத்தில் காண்கிறோம். 1610, 1611ஆம் ஆண்டுகளில் தீட்டப்பட்ட இதன் நடுப்பலகை நான்கரை மீட்டருக்கும் மேல் உயரமுடையது. சிலுவை மூலைக்கு மூலை சாய்ந்து பாதி வழியில் நிற்கின்றது. தள்ளுவோர், இழுப்போர், அடியில் தோள் கொடுப்போர் ஆகிய அனைவரின் உடல்களும் அந்த ஒரு சாய்வுக்கே உழைக்கின்றன. இதற்காக மாதிரியாளைப் பார்த்து ரூபன்ஸ் வரைந்த கருநிறக் கட்டி வரைவுகளும் எஞ்சியுள்ளன. மாதிரியாள் பயிற்சி அறையில் அசையாமல்தான் நின்றிருப்பான். ஆனால் அவன் எந்தப் பளுவுக்கு எதிராக நிற்கிறான் என்பது ரூபன்சுக்குத் தெரியும்.

அவர் இறுதிக் காலத்தில் செய்த மற்றொரு தாள் பிரிட்டிஷ் அரும்பொருளகத்தில் உள்ளது. நாட்டுப்புறத் திருவிழாவில் ஆடும் இணைகளை அதில் பேனாவால் சிறிது சிறிதாக வரைந்துள்ளார். ஓர் இணை சுழல்கின்றது. அருகிலேயே அவ்விணை வேறொரு கோணத்தில் மீண்டும் தோன்றுகின்றது. தழுவும் கைகள், பறக்கும் பாவாடை, பின்னோக்கிச் சாயும் தலை ஆகியவை நிறைந்து தாளில் வெற்றிடம் அருகிவிடுகின்றது. தேர்ந்த அரசவை ஓவியரான முதியவர் ஒருவர், உழவர்களின் ஆட்டத்தைத் தம் கையாலேயே ஆடிப் பார்க்கிறார் என்று தோன்றுகின்றது.

அரசரை நிற்க வைக்காத சிற்பி

ஜான் லொரென்சோ பெர்னினி சிற்பி. ஆயினும் காவிக்கல்லால் மனித உருவங்களை ஆராய்ந்து வரைவதில் வல்லவர். 1623, 1624ஆம் ஆண்டுகளில் அவர் செதுக்கிய தாவீது, உரோமின் பொர்கேசே கலைக்கூடத்தில் உள்ளது. நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் மைக்கேலாஞ்சலோ செதுக்கிய தாவீது போருக்கு முன் எதிரியை அளந்தபடி நிற்பவன். பெர்னினியின் தாவீது கவணைச் சுழற்றுவதற்காக உடலை முறுக்கி, உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறான். அந்த முகத்தைச் செதுக்கப் பெர்னினி தம் முகத்தையே கண்ணாடியில் பார்த்துக்கொண்டார் என்றும், பின்னாளில் போப்பாண்டவரான கர்தினால் பர்பெரினியே சில வேளைகளில் கண்ணாடியைப் பிடித்தார் என்றும் 1682இல் அவர் வரலாற்றை எழுதிய பால்தினூச்சி கூறுகின்றார். இயக்கத்தை உள்ளிருந்து அறிய முயன்ற கலைஞரை இங்குக் காண்கிறோம்.

1665ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசர் பதினான்காம் லூயி அவரைப் பாரிசுக்கு அழைத்தார். அரசரின் மார்பளவுச் சிலையைச் செதுக்கும் பணி அமைந்தது. உடனிருந்து கவனிக்கப் பணிக்கப்பட்ட ஷாந்தலூ எழுதிவைத்த நாட்குறிப்பு நமக்குப் பெருந்துணை. பெர்னினி அரசரை அசையாமல் அமர்ந்திருக்கச் சொல்லவில்லை. அமைச்சரவை நடந்த இடத்திலும் பந்தாட்டக் களத்திலும் பின்தொடர்ந்து, அரசர் பேசுவதையும் திரும்புவதையும் வரைந்துகொண்டார். பேசியும் நடமாடியும் இருப்பவரிடமே அவருக்குரிய சாயல் முழுமையாக வெளிப்படும் என்பது அவர் கொள்கை.

வியப்பு இதன் பின்னரே. சலவைக்கல்லில் உளியை வைத்தபோது அவர் அவ்வரைவுகளைப் பார்த்துச் செதுக்கவில்லை. அரசரின் சாயலைத் தம்முள் ஊறவைப்பதற்கே அவற்றை வரைந்ததாகவும், அவற்றைப் பார்த்துச் செதுக்கினால் தம்மையே தாம் படியெடுத்தவராவார் என்றும் விளக்கினார். வரைவு அவருக்கு ஒரு சேமிப்புக் கிடங்கன்று. கண்டதை மனத்தில் பதியவைக்கும் பயிற்சி அது. பதிந்தபின் தாளை அப்பால் வைத்துவிடலாம்.

கயிற்றில் தொங்கிய கை

வெற்றி பெற்ற முறைகள் பாடத்திட்டமாகும்போது சில வேளைகளில் தம் உயிரை இழக்கின்றன. பாரிசில் 1648இல் அரச ஓவியக் கழகம் தோன்றியது. அதன் நிறுவனருள் ஒருவரான ஷார்ல் லெ பிரன், 1668இல் மனித உணர்ச்சிகள் முகத்தில் தோன்றும் முறைமையைப் பற்றிச் சொற்பொழிவாற்றி, அச்சம், சினம், வியப்பு முதலியவற்றுக்கு வரைபடங்களும் தந்தார். மாதிரியாளைப் பார்த்து வரைதல் இத்தகைய கழகங்களின் நடுநாயகமான பாடமாயிற்று. உயர்த்திய கை சோராமல் இருக்கக் கயிறு தொங்கவிடப்பட்டது. ஊன்றிக்கொள்ளக் கோலும் மரப்பெட்டியும் தரப்பட்டன.

இப்பயிற்சியால் விளைந்த நன்மை பெரிது. ஐரோப்பாவெங்கும் உடற்கூற்றை நன்கறிந்த தலைமுறைகள் உருவாயின. ஆனால் கயிற்றைப் பற்றியவனை வரைந்துவிட்டு, கயிற்றை மட்டும் நீக்கினால் அவன் ஈட்டி எறியும் வீரனாகிவிடுவதில்லை. கராச்சிகளின் வரிசையில் இரண்டாம் படியாக இருந்தது, இங்கே முதற்படியாகவும் சில மாணவர்க்கு இறுதிப்படியாகவும் மாறியது. மன்சினியின் ஐயம் மீண்டும் உயிர்பெற்றது.

ஒரு குழந்தையின் அடி

ஹாலந்து நாட்டு ரெம்பிராண்ட் 1656ஆம் ஆண்டளவில் வரைந்த ஒரு சிறு தாள் பிரிட்டிஷ் அரும்பொருளகத்தில் உள்ளது. பழுப்பு மையால் பேனாவில் வரைந்தது. சில நிமிடங்களுக்குமேல் ஆகியிராது. ஒரு குழந்தை நடை பழகுகின்றது. தாய் ஒருபுறமும் மூத்த பெண் மறுபுறமும் குழந்தையைப் பிடித்திருக்கின்றனர். தந்தை எதிரே குந்தியமர்ந்து கைகளை நீட்டுகிறார். பின்னே பால்காரப் பெண் ஒருத்தி வாளியுடன் கடந்து செல்கிறாள்.

இக்கோடுகளை எண்ணிவிடலாம். ஆயினும் தாயின் பிடி உறுதியானது என்பதும், சிறுமியின் பிடி அத்துணைப் பழக்கமற்றது என்பதும் தெரிகின்றன. வாளி நிறைந்திருப்பது, அதைச் சுமப்பவளின் உடல் எடுத்துக்கொண்ட சாய்வால் விளங்குகின்றது. குழந்தையின் எடை இன்னும் அதன் கால்களில் முழுமையாக இறங்கவில்லை. லியொனார்டோ சொன்ன சமநிலைக் குலைவை அதன் முதல் வடிவில், முதன்முறையாக அதற்குத் துணியும் ஓர் உடலில் நாம் காண்கிறோம். இக்காட்சியை எவரும் ரெம்பிராண்டுக்காக நிறுத்திவைத்திருக்க முடியாது. ஆண்டுக்கணக்கில் குழந்தைகளையும் தாய்மாரையும் தெருக்காட்சிகளையும் வரைந்து வரைந்து மனம் சேர்த்துவைத்திருந்ததைக் கை சில நொடிகளில் எடுத்துத் தந்தது.

நிழற்படமும் நினைவும்

இன்று ஒரு மாணவர் வினவக்கூடும்: ஓடுபவனை நொடியின் நுண்பகுதியில் படம் பிடிக்கும் கைப்பேசி நம்மிடம் இருக்கும்போது, இப்பயிற்சி எதற்கு?

இவ்வினாவும் பழையதே. 1878இல் கலிஃபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ், பாய்ந்தோடும் குதிரையை வரிசையாக நிறுத்திய கருவிகளால் படம் பிடித்தார். குதிரையின் நான்கு குளம்புகளும் ஒருங்கே தரையை விட்டு எழுவது, கால்கள் முன்னும் பின்னும் விரிந்த நிலையில் அன்று. வயிற்றின்கீழ் மடங்கிய நிலையிலேயே என்பது புலனாயிற்று. கால்களை விரித்துப் பறக்கவிட்டு வரைந்த ஓவியர்கள் பல தலைமுறைகளாகத் தவறியிருந்தனர். இது மறுக்கவொண்ணாத உண்மை. கண்ணையும் நினைவையும் மட்டும் நம்பினால் பிழை நேரும் என்பதற்கும் இதுவே சான்று.

ஆனால் அப்படங்களில் சில, ஓடும் குதிரையை நின்றுவிட்டதுபோலக் காட்டின என்பதும் உண்மை. படக்கருவி ஒரு கணத்தைத் துண்டித்து எடுக்கின்றது. நாமோ கணத்தைக் காண்பதில்லை. சற்றுமுன் நிகழ்ந்ததன் நினைவோடும் அடுத்து நிகழப்போவதன் எதிர்பார்ப்போடும் சேர்த்தே காண்கிறோம். கராச்சிகளும் ரூபன்சும் பெர்னினியும் ரெம்பிராண்டும் தாளில் இறக்க முயன்றது அந்த முழுமையை. உடற்கூற்றின் உண்மைக்கு மாதிரியாளை அவர்கள் சான்றாக வைத்ததுபோல, நாம் நிழற்படத்தைச் சான்றாக வைத்துக்கொள்ளலாம். சான்றைக் கதையென்று கொள்வதுதான் பிழை.

ஆசிரியர்களாகிய நாம் இதிலிருந்து ஒரு பயிற்சியையேனும் வகுப்பறைக்குக் கொண்டுசெல்லலாம். மாணவர் ஒருவரை அறையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் புத்தகச் சுமையுடன் நடக்கச் செய்வோம். அவர் நடந்து முடிக்கும்வரை எவரும் எழுதுகோலைத் தொடலாகாது. அவர் வெளியே சென்றபின், மற்றவர்கள் இரண்டே நிமிடங்களில் அந்நடையை வரையட்டும், அழிப்பான் வேண்டா. பின்னர் அவரை மீண்டும் அழைத்து நிற்கச் செய்து, தோளும் முழங்காலும் சரிதானா என்று ஒப்பிட்டுப் பார்க்கட்டும். முதல் வரைவுகளில் விரல்களும் முகங்களும் பிழையாக இருக்கும். ஆனால் சுமை எந்தத் தோளில் இருந்தது என்பதைப் பலர் சரியாகக் காட்டியிருப்பர். அன்னிபலே கராச்சி பொலோஞாத் தெருக்களில் கற்றதன் தொடக்கம் அதுவே.

அக்கழகத்தார் தமக்கு வைத்துக்கொண்ட பெயரையே இறுதியாக நினைவுகூர்வோம். அவர்கள் வழியில் இறங்கியோர். கற்றல் என்பதும் எடையை ஒரு காலிலிருந்து மற்றொரு காலுக்கு மாற்றுவதுதான். இடையில் ஒரு கணம் விழுவதுபோலவே இருக்கும். அந்தக் கணத்தில் பிள்ளைகளைப் பிடித்துக்கொள்ளவும், பிடியை எப்போது தளர்த்துவது என்று அறியவும் வேண்டியவர்கள் நாம்.